அன்டிபொடி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"எங்கட குடும்பத்துப் பெம்பிளையளில பாதிப்பேர் தைரொயிட் குளிசை போடுறம், மிச்சப்பேர் இன்னும் ரத்தம் பாக்கேல்ல" என்று தம்பியின் மனைவி பகிடி விடுவாள். பகிடிதான், ஆனால் பெரிய பொய்யும் இல்லை. எனக்கு இருக்கிறது. தம்பலகாமத்தில் இருக்கும் அக்காவுக்கு வந்து போனது. பகிடி விட்ட மச்சாளுக்கு முதல் பிள்ளை பிறந்த பிறகு வந்தது. என்னோடு படிப்பிக்கும் கிண்ணியா டீச்சர் ஒருவருக்கு வேறு மாதிரி வந்தது. எல்லாருக்கும் ஊரார் சொல்லும் பெயர் ஒன்றுதான்: "தைரொயிட்". எல்லாரிடமும் ஏதோ ஒரு கட்டத்தில் அன்டிபொடி, அதாவது உடலின் பாதுகாப்புப் படை உண்டாக்கும் பிறபொருளெதிரி, பார்க்கச் சொன்னார்கள். அந்தப் பரிசோதனை சொன்ன சேதி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

நான் வைத்தியர் இல்லை. திருகோணமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனாலோ என்னவோ, சொந்தக்காரர் யாருக்காவது தைரொயிட் ரிப்போர்ட் வந்தால் அதன் படம் வட்ஸ்அப்பில் முதலில் எனக்குத்தான் வரும். "அக்கா, இதில அன்டிபொடி ஆயிரம் எண்டு கிடக்கு, பயமோ?" இந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் கதை. களைப்பு, முகம் ஊதல், மலச்சிக்கல், பாடம் சொல்லச் சொல்லக் குரல் கட்டிக்கொள்வது. பள்ளிக்கூட வேலை, வயது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கச்சான் காற்று அனலாய் அடிக்கும் ஆடி மாதத்தில் நான் மட்டும் மின்விசிறியை நிறுத்தச் சொன்னபோதுதான் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்தது. ரி.எஸ்.எச். (தைரொயிட்டை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலிருந்து வரும் ஹோர்மோன்; சுரப்பி தளர்ந்தால் இது கூடும்) 14. தைரொயிட் சுரக்கும் ஹோர்மோனான பிரீ ரி4 கீழ் எல்லைக்கும் கீழே. கூடவே ரி.பி.ஓ. அன்டிபொடி, "600-க்கு மேல்".

கிளினிக்கில் இருந்த டொக்டர் சிங்களவர். நல்ல தமிழ் பேசுவார். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஹஷிமோட்டோ என்றார். உடலின் பாதுகாப்புப் படையே தைரொயிட்டை அந்நியப் பொருளாக நினைத்து மெல்ல மெல்ல அழிக்கிறது. அழிக்கும் வேலையைப் பெரும்பாலும் செய்வது வெள்ளணுக்கள். ரி.பி.ஓ. என்பது ஹோர்மோன் செய்யும்போது அயடீனைப் பிடித்துச் சேர்க்கிற நொதியம். அதற்கு எதிராக உண்டாகும் பிறபொருளெதிரியைத்தான் இரத்தத்தில் அளக்கிறார்கள். ஹஷிமோட்டோ உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இது பொசிற்றிவ்வாக இருக்கும். எந்த வருத்தமும் இல்லாதவர்களிலும் பத்தில் ஒருவருக்கேனும் இருக்கும்.

"அப்ப இந்த 600-ஐ எப்படிக் குறைக்கிறது டொக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். "அம்மா, வீட்டுச் சுவரில கறையான் மண்கோடு கண்டா, கறையான் இருக்கு எண்டு தெரியும். கோடு எவ்வளவு நீளம் எண்டு அளந்து பாத்து கூரை வளை எவ்வளவு அரிச்சுப் போச்சு எண்டு சொல்லேலுமோ? வளையைத் தட்டிப் பாக்க வேணும். ரி.எஸ்.எச். பாக்கிறது அதுதான்."

அன்றைக்கு அது எனக்கு முழுதாய்த் திருப்தியாக இருக்கவில்லை. பிறகு வாசித்து, மற்றவர்களின் ரிப்போர்ட்டுகளையும் பார்த்தபோது, இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லமாட்டார்கள் என்று விளங்கியது. ரி.பி.ஓ. எண் நோயின் பெயரைச் சொல்கிறது. நோயின் அளவை அது சரியாகச் சொல்வதில்லை. 80 உள்ளவருக்குச் சுரப்பி முழுதாய்ப் படுத்திருக்கலாம். 1000-க்கு மேல் உள்ளவர் குளிசை இல்லாமலே நடமாடலாம்.

இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த ஹகாரு ஹஷிமோட்டோவுக்கு இந்தத் தைரொயிட் அன்டிபொடிக் கதையே தெரியாது. 1912-இல் அந்த இளம் ஜப்பானிய வைத்தியர் நான்கு பெண்களின் வெட்டியெடுத்த தைரொயிட்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து, உள்ளே வெள்ளணுக்கள் குவிந்து கிடக்கின்றன என்று ஒரு ஜெர்மன் சஞ்சிகையில் எழுதினார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பிச் சாதாரண வைத்தியராக இருந்து, 1934-இல் நெருப்புக்காய்ச்சலில் இறந்துபோனார். இப்படிப்பட்ட நோயாளிகளின் இரத்தத்தில் தம் சொந்தத் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதை லண்டனில் கண்டுபிடித்தது 1956-இல். அதே வருடம் அமெரிக்காவில் முயல்களுக்கு அவற்றின் தைரொயிட் சாற்றையே ஊசியாய்ப் போட்டு, அதே அழற்சியை உண்டாக்கியும் காட்டினார்கள். உடல் தன்னைத் தானே தாக்காது என்று அதுவரை பெரிய பெரிய ஆட்கள் நம்பியிருந்தார்கள். வகுப்பில் நிர்ப்பீடனம் படிப்பிக்கும்போது இந்த முயல் கதையைச் சொன்னால் பின் வாங்குக்காரரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, எண்ணுக்கு வருவோம். சில மாதம் கழித்து வேறு ஒரு தனியார் லாபில் இரத்தம் கொடுத்தோம். ரி.எஸ்.எச்.சோடு அன்டிபொடியையும் சேர்த்துச் செய்துவிட்டார்கள். ரிப்போர்ட்டில் "1000-க்கு மேல்". வீட்டுக்காரர் அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. "குளிசை போட்டும் 600 ஆயிரமாப் போச்சே!" கூடியதா குறைந்ததா என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. முதல் லாபின் மெஷின் 600 வரைக்கும்தான் எண்ணும், மற்றது 1000 வரைக்கும். அதற்கு மேல் உள்ளதையெல்லாம் "மேல்" என்று போட்டுவிடும். நோமல் எல்லையும் அப்படித்தான். ஒரு வகை மெஷினுக்கு 34-க்குக் கீழ் சரி, இன்னொரு வகைக்கு 6-க்கும் கீழே இருக்க வேண்டும். இரண்டு லாபின் அன்டிபொடி எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பிரயோசனமே இல்லை. இந்தப் பரிசோதனைக்கு ரி.எஸ்.எச்.சை விடக் காசும் அதிகம். ஹஷிமோட்டோ என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதைத் திரும்பச் செய்வதால் குளிசையின் அளவு துளிகூட மாறப்போவதில்லை. லாப் கவுண்டரில் "புல் தைரொயிட் பக்கேஜ் செய்வமோ?" என்று கேட்டால், டொக்டர் எழுதிய துண்டை நீட்டி "இது மட்டும்" என்று சொல்லுங்கள்.

இந்த எண்ணைக் காட்டியே வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். "மூன்று மாதத்தில் அன்டிபொடி சைபர்" என்று பவுடர் விற்க ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். விலை கேட்டால் தலை சுற்றும். உண்மை நிலவரம் இதுதான்: தைரொக்சின் (குறைபாட்டுக்குப் போடும் ஹோர்மோன் குளிசை) போடுபவர்களில் பலருக்கு வருடக்கணக்கில் ரி.பி.ஓ. எண் தானாகவே இறங்கும், முற்றாக இல்லாமல் போவது கொஞ்சப் பேருக்குத்தான். செலீனியம் குளிசை எண்ணைக் கொஞ்சம் இறக்குவதாகச் சில ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதனால் சுரப்பி மீண்டது, குளிசையை விட முடிந்தது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. கூடுதலாகப் போட்டால் செலீனியம் நஞ்சு. முடி கொட்டும், நகம் உடையும். கோதுமையை விடு என்றும் சொல்வார்கள். கோதுமைப் புரதம் குடலைக் கெடுக்கும் சிலியாக் நோய் இருந்தால் விடத்தான் வேண்டும். இல்லாதவர் பாணையும் ரொட்டியையும் விட்டுத் தன்னை வருத்துவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. கோவா, மரவள்ளி விஷயமும் இப்படியே. அவித்து வழமையான அளவில் சாப்பிடலாம்.

எண்ணைத் துரத்துகிற நேரத்தில் குளிசையை ஒழுங்காகப் போடுவது எத்தனையோ மடங்கு பலன் தரும். எங்கள் ஊர்க்காரருக்கு இதில் பெரிய எதிரி காலைத் தேத்தண்ணி. கண் விழித்த கையோடு பால்தேத்தண்ணி குடித்துப் பழகியவர்களை அரை மணி, ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னால் உலகம் இருண்டுவிடும். ஆனால் தைரொக்சின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு போனால்தான் ஒழுங்காக உறிஞ்சப்படும். பால், கோப்பி, சோயா மீற் எல்லாம் அதை மறிக்கும். நான் தலைமாட்டில் ஒரு போத்தல் தண்ணீரும் குளிசையும் வைத்து, ஐந்து மணிக்கு எழும்பியதும் விழுங்கிவிட்டுத்தான் முகம் கழுவப் போகிறேன். சமையல் முடிந்து தேத்தண்ணிக்கு வரும்போது ஒரு மணித்தியாலம் தானாக ஓடியிருக்கும். காலையில் ஏலாதவர்கள் இரவில், கடைசிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம். அதுவும் நன்றாக வேலை செய்யும். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் பலருக்கு டொக்டர்மார் நேரத்தை இப்படி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

இரும்புக் குளிசையும் கல்சியமும் போடுபவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மிட்வைஃப் கொடுக்கும் பையில் இந்த இரண்டும் இருக்கும். மூன்றையும் ஒரேயடியாக விழுங்கிவிட்டு "குளிசை போட்டும் ரி.எஸ்.எச். இறங்கேல்ல" என்று சொல்பவர்களை நானே கண்டிருக்கிறேன்.

இன்னொன்று வெக்கை. தைரொக்சின் சூட்டையும் வெளிச்சத்தையும் தாங்காது. 25 பாகைக்குக் கீழே வை என்று பெட்டியில் போட்டிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலையில் 25 பாகைக்கு எங்கே போவது? குறைந்தது, யன்னல் விளிம்பிலும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். அட்டையிலிருந்து பிரித்துக் கண்ணாடிப் போத்தலில் கொட்டி வைக்கவும் வேண்டாம். வீட்டிலேயே குளிர்மையான, ஈரமில்லாத அலுமாரித் தட்டில் அட்டையோடே வைத்தால் சரி.

அளவு மாற்றினால் ஆறு முதல் எட்டுக் கிழமை கழித்துத்தான் ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு கிழமை எடுக்கும், ஆகவே எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு கிழமையில் ஓடிப்போய் இரத்தம் கொடுத்தால் கிடைப்பது அரைகுறை எண். அதே காரணத்தால் ஒருநாள் குளிசை மறந்தாலும் பதற வேண்டியதில்லை.

இனி அக்காவின் கதை. இது முற்றிலும் வேறு சாமான்.

அக்காவுக்குத் தடிமன் காய்ச்சல் வந்து மாறிய பிறகு கழுத்தின் முன்பக்கத்தில் நோவு தொடங்கியது. தாடைக்கும் காதுக்கும் இழுத்தது. பல் வைத்தியரிடம் போனார், பல்லில் ஒன்றுமில்லை. பிறகு வலப்பக்க நோவு இடப்பக்கத்துக்கு மாறியது. எச்சில் விழுங்க முடியவில்லை, நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. ஒரு தனியார் இடத்தில் ரி.எஸ்.எச். மட்டும் பார்த்து, "தைரொயிட் கூடிப்போச்சு" என்று கார்பிமசோலும் அன்டிபயோட்டிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கழுத்தைத் தொட்டே பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கிளினிக் டொக்டர் ஒரு விரலால் தொட்டதும் அக்கா கத்திவிட்டார். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 80-ஐத் தாண்டியிருந்தது. அன்டிபொடிகள் இல்லை.

இங்கேதான் அன்டிபொடி இல்லை என்ற பதிலுக்குப் பெறுமதி. இது டி குவேர்வேன் தைரொயிடைற்றிஸ், தைரொயிட் அழற்சியில் ஒரு வகை. பெரும்பாலும் வைரஸ் தொற்றுக்குப் பின்னால் வருவது. உடல் தன்னைத் தாக்கும் வகை இல்லை. அன்டிபொடி தெரிந்தாலும் கொஞ்சமாகத் தெரிந்து மறைந்துவிடும். வீங்கி உடைந்த சுரப்பியிலிருந்து, ஏற்கெனவே சேமித்து வைத்த ஹோர்மோன் கசிந்து இரத்தத்தில் கொட்டுகிறது. புதிதாக ஒன்றும் கூடுதலாகச் செய்யப்படவில்லை. ஆகவே செய்வதை நிறுத்தும் மருந்தான கார்பிமசோலுக்கு இங்கே வேலையில்லை. அதை நிறுத்தி, நோவுக்கும் வீக்கத்துக்கும் மருந்து, படபடப்புக்குப் புரப்ரனலோல் கொடுத்தார்கள். நோவு அடங்காததால் பிறகு பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட். அது தொடங்கி இரண்டொரு நாளிலேயே அக்கா எழும்பி நடந்தார். ஆனால் ஸ்டீரொயிட்டைச் சடாரென்று நிறுத்தக்கூடாது; படிப்படியாய்க் குறைக்கும்போது நோவு திரும்பி வந்து, மீண்டும் கொஞ்சம் கூட்டினார்கள்.

அதன் பிறகு சேமிப்புத் தீர்ந்த சுரப்பி சில மாதம் சும்மா கிடந்தது. ரி.எஸ்.எச். மேலே போனது, அக்காவுக்கு என்னைப் போலக் களைப்பு. "இனி உனக்கும் ஆயுளுக்கும் குளிசைதான்" என்று பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். இல்லை. அதுவும் கடந்து சுரப்பி பழைய நிலைக்கு வந்தது. இப்படி வருபவர்களில் பெரும்பாலானோர் மீண்டுவிடுவார்கள், கொஞ்சப் பேருக்கு மட்டும் குறைபாடு நிலைத்துவிடும். அக்காவுக்கு இப்போது மருந்தே இல்லை. சுவிஸ் சத்திரசிகிச்சை வைத்தியர் டி குவேர்வேன் இதை 1904-இல் விவரித்தார். பிள்ளை தூக்கித் தூக்கித் தாய்மாருக்கு வரும் மணிக்கட்டு நோவுக்கும் இதே ஆளின் பெயர்தான். மச்சாளுக்கு அதுவும் வந்தது, பாவம்.

மச்சாளின் பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும்போது அவள் சடசடவென்று மெலிந்தாள். எரிச்சல், வேர்வை, நெஞ்சுப் படபடப்பு. பிள்ளை நித்திரை கொள்ளவிடுவதில்லை, அதனால்தான் என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். நோவு எதுவும் இல்லை. சில மாதத்தில் எல்லாம் தலைகீழாக மாறியது: உடம்பு ஊதியது, முடி கொட்டியது, சும்மா இருந்து அழுதாள். பிள்ளைப்பெத்த உடம்பு அப்படித்தான் என்று மாமி சொல்ல, நல்ல காலம், வீட்டுக்கு வந்த மிட்வைஃப் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "மனநிலையையும் பார்ப்பம், ரி.எஸ்.எச்.சையும் பார்ப்பம்" என்று எழுதி அனுப்பினார். ரி.எஸ்.எச். 30-க்கும் மேல். ரி.பி.ஓ. பொசிற்றிவ்.

பிரசவத்துக்குப் பின் முதல் வருடத்தில் வரும் தைரொயிட் அழற்சி இது. கர்ப்பத்தின் போது அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி பிள்ளை பிறந்ததும் மீண்டும் சுறுசுறுப்பாவதுதான் காரணம். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரி.பி.ஓ. பொசிற்றிவ்வாக இருக்கும் பெண்களில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இது வரும். அன்டிபொடி எண்ணை முன்கூட்டியே தெரிந்துவைப்பதில் பெரிய இலாபம் இருக்குமென்றால் இந்த இடத்தில்தான். களைப்பும் அழுகையும் வந்தால் "பிள்ளைப்பெத்த உடம்பு" என்று ஒதுக்காமல் ஒரு ரி.எஸ்.எச். பார்க்கத் தோன்றும். மச்சாளுக்குத் தைரொக்சின் கொடுத்தார்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கு ஒரு வயது தாண்டியபோது டொக்டர் சொல்லி மெல்ல நிறுத்தினார்கள், சுரப்பி தாங்கிக்கொண்டது. அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம். வராவிட்டாலும் பின்னாளில் குறைபாடு நிலைக்கலாம் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை ரி.எஸ்.எச். பார்க்கிறாள். அன்டிபொடி திரும்பப் பார்க்கவில்லை.

ரி.பி.ஓ. பொசிற்றிவ், ஆனால் ரி.எஸ்.எச். நோமல் என்ற நிலையில் கருவுறப்போகும் பெண்களுக்கு முன்னேற்பாடாகத் தைரொக்சின் கொடுத்தால் கருச்சிதைவு குறையுமா என்று இங்கிலாந்தில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 2019-இல் முடிவு வந்தது: குழந்தை பிறக்கும் வீதத்தில் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே குளிசை போடும் என் போன்றவர்கள் கர்ப்பமானால் கதை வேறு. தேவை கிட்டத்தட்டக் கால்பங்குக்கு மேல் கூடும், ஆகவே தெரிந்த அன்றே டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி கிண்ணியா டீச்சர். அவருக்குக் கிரேவ்ஸ், அதாவது சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்யும் நோய். கண் முழி தள்ளி, கழுத்து பருத்து, வகுப்பில் சோக்கட்டி பிடிக்க முடியாத நடுக்கம். அவருக்குப் பார்த்தது வேறு அன்டிபொடி. ரி.எஸ்.எச். போய் ஒட்டும் இடத்தில் தான் போய் ஒட்டிச் சுரப்பியை விடாமல் ஓட்டுவது, சுருக்கமாக 'ட்ராப்'. இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பித்தான் பார்த்தார்கள். நான் இதுவரை சொன்னதெல்லாம் இந்த அன்டிபொடிக்குப் பொருந்தாது. ரி.பி.ஓ. வெறும் அடையாளம் என்றால், இது நோயைச் செய்யும் கை. எண் கூடினால் குறைந்தால் அர்த்தம் உண்டு. கார்பிமசோல் ஒன்று, ஒன்றரை வருடம் போட்டு நிறுத்துவதற்கு முன் இதைத் திரும்பப் பார்ப்பார்கள். இன்னும் உயரத்தில் நின்றால் நிறுத்தியதும் நோய் திரும்ப இடமுண்டு. அவருக்கு முதல் தடவை உயரத்தில்தான் நின்றது, மருந்து தொடர்ந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. ட்ராப் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், அதன் சுரப்பியையும் ஓட்டும். கிரேவ்ஸ் வந்து, பின்னர் ஒப்பரேஷன் செய்தோ அயடீன் கதிர்மருந்து குடித்தோ இப்போது தைரொக்சின் போட்டுக்கொண்டிருப்பவர் "எனக்கு இப்ப குறைவுதான்" என்று நினைத்து இதைச் சொல்லாமல் விடலாம். சுரப்பி போன பிறகும் அந்த அன்டிபொடி இரத்தத்தில் இருக்கக்கூடும். கர்ப்பிணி கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் இது.

கார்பிமசோல் போடுபவர்கள் மறக்கக்கூடாதது தொண்டை நோவும் காய்ச்சலும். ஆயிரத்தில் சிலருக்கு அந்த மருந்து வெள்ளணுக்களை ஒரேயடியாக இறக்கிவிடும். டீச்சருக்கு ஒரு இரவு காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தது. குளிசையை நிறுத்திவிட்டு, விடியும்வரை காத்திராமல் ஓட்டோ பிடித்துப் பாலம் கடந்து வந்து இரத்த எண்ணிக்கை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, வெறும் தடிமன். 2009-இல் அந்தப் பாலம் திறக்கும் வரை பாதை என்கிற மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். அந்தக் காலமாக இருந்தால் விடியும்வரை கரையில் நின்றிருப்பேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

உப்பைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். அதற்குப் பிறகு கழுத்துக் கழலை குறைந்தது. ஆனால் 2000-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 11 முதல் 16 வயது வரையான இலங்கைப் பள்ளி மாணவிகளில் தைரோகுளோபியுலின் என்ற இன்னொரு தைரொயிட் புரதத்துக்கு எதிரான அன்டிபொடி எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தது. ரி.பி.ஓ. அன்டிபொடி எந்த வயதிலும் பத்து வீதத்தைத் தாண்டவில்லை. திடீரென்று அயடீன் கூடியதுதான் காரணமோ என்று ஆய்வாளர்களே கேள்வி எழுப்பினார்கள். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்ட பெரியம்மா, பக்கெற் உப்பை விட்டுவிட்டு நிலாவெளிப் பக்கத்து உப்பளத்திலிருந்து கல்லுப்பு கொண்டுவரலாம் என்றார். டொக்டரிடம் கேட்டேன். வீட்டில் பிள்ளைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் இருக்கிறார்கள், அயடீன் இல்லாவிட்டால் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கேடு, உங்களுக்கும் வழமையான உப்பால் ஒன்றும் ஆகாது என்றார். தவிர்க்க வேண்டியது அயடீன் சொட்டு மருந்தையும் கடற்பாசிக் குளிசையையும். அவற்றில் ஒரு நாள் தேவையைப் போலப் பல மடங்கு இருக்கும்.

கடைசியாக அக்காவின் மகள். என் பெறாமகள், இருபத்துச் சொச்சம் வயது. முடி கொட்டுகிறது என்று அழகுசாதனக் கடையில் பயோட்டின் என்ற விற்றமின் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். குடும்பத்தில் இருக்கிறதே என்று இரத்தம் பார்த்தால் ரி.எஸ்.எச். அடிமட்டம், பிரீ ரி4 உச்சம். ஆனால் ஆள் கல்லுப்போல இருக்கிறாள். நடுக்கம் இல்லை, மெலிவு இல்லை. "வேற என்ன குளிசை போடுறீங்க?" என்று டொக்டர் கேட்டதில் பயோட்டின் வெளியே வந்தது. சில வகை மெஷின்கள் பயோட்டினை வைத்தே வேலை செய்கின்றன. இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால் ரி.எஸ்.எச்.சைக் குறைத்தும் ஹோர்மோனைக் கூட்டியும் காட்டும். அன்டிபொடி எண்களும் கெடும். இல்லாத கிரேவ்ஸை இருப்பதாகக் காட்டிவிடும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்த வேண்டும் என்பார்கள். அவளை ஒரு கிழமை நிறுத்தச் சொன்னார். திரும்பப் பார்த்தபோது ரி.எஸ்.எச். 3-க்குக் கிட்ட, முழுக்க நோமல். ரி.பி.ஓ. மட்டும் உண்மையாகவே பொசிற்றிவ்.

"அப்ப எனக்கும் வரப்போகுதோ சித்தி?" என்று கேட்டாள். வட இங்கிலாந்தில் ஒரு ஊரையே இருபது வருடம் பின்தொடர்ந்து, 1995-இல் வெளியிட்ட கணக்கு இருக்கிறது. அன்டிபொடி மட்டும் உள்ள பெண்கள் நூறு பேரில் வருடத்துக்குச் சுமார் இரண்டு பேருக்குத் தைரொயிட் குறைபாடு வந்தது. அன்டிபொடியோடு ரி.எஸ்.எச்.சும் கூடியிருந்தவர்களில் நாலு பேருக்கு. அவளுக்கு முதல் வகைக் கணக்கு. இப்போதைக்குக் குளிசை தேவையில்லை. வருடத்துக்கு ஒரு ரி.எஸ்.எச்., கர்ப்பம் தெரிந்ததும் ஒன்று, பிள்ளை பிறந்த பிறகு ஒன்று. கழுத்து திடீரென்று வேகமாகப் பருத்தாலோ குரல் கம்மினாலோ மட்டும் காத்திராமல் போக வேண்டும். அவளுடைய கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் "ரி.பி.ஓ. பொசிற்றிவ்" என்று திகதியோடும் லாபின் பெயரோடும் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பரிசோதனைக்கு இனிக் காசு கட்டுவதாக இல்லை.